தையல்காரம்மா சைக்கிள் மிதித்த கதை

தையல்காரம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. நடிக்க வரும், அது வேறு விஷயம்.

சர்க்கரை ஏறிவிட்டது என்று டாக்டர் மிரட்டியதால், ஜவுளிக்கடை மாடியில் நடக்கும் சைக்கிள் வகுப்பில் சேர்ந்தார். பதினைந்து சைக்கிள்கள், ஓர் அங்குலம்கூட நகராதவை. பாட்டு அலறும், மாஸ்டர் அதைவிட அலறுவார்: "மேடு வருது! ஒரு சுத்து டைட் பண்ணுங்க!" ஹேண்டிலுக்குக் கீழே இருக்கும் திருகைத் திருகினால் பெடல் கனக்கும். முதல் நாள் நேர்மையாகத் திருகினார். மறுநாள் தையல் மெஷினை மிதிக்கக் கால் வரவில்லை. பள்ளிக்கூட யூனிஃபார்ம் முப்பதும் வெட்டிய துணியாகவே கிடந்தன.

அன்றோடு நேர்மைக்கு ஒரு கும்பிடு போட்டார். திருகின் மேல் கையை வைப்பார், உதட்டைக் கடிப்பார், "ஸ்ஸ்... அம்மாடி" என்று மூச்சு விடுவார். திருகு மட்டும் அசையாது. "அம்மாவைப் பாத்துக் கத்துக்கங்க!" என்று மாஸ்டர் மற்றவர்களை விரட்டினார். அந்தப் பெருமையை வீட்டில் மகன், மருமகள் காது புளிக்கும்வரை ஆறு மாதம் பாடினார். பொறுக்க முடியாமல் மருமகளின் அம்மாவும் போன மாதம் அதே வகுப்பில் வந்து சேர்ந்தார். ஏழாம் நம்பரில் தையல்காரம்மா, எட்டாம் நம்பரில் சம்பந்தியம்மா. சம்பந்தி கண்ணில் பட்டது எதுவும் சாயங்காலத்துக்குள் மகள் காதுக்குப் போய்விடும்.

அன்று சுவரில் புதிதாக ஒரு டிவி தொங்கியது.

"யார் எவ்வளவு கஷ்டப்பட்டு மிதிக்கிறீங்கன்னு இனிமே நம்பரா அதுல வரும்," என்றார் மாஸ்டர்.

தையல்காரம்மா டிவியையும் திருகையும் மாறி மாறிப் பார்த்தார். திருகினால் கால் போச்சு, திருகாவிட்டால் மானம் போச்சு. யோசித்து முடிப்பதற்குள் கை பழக்கதோஷத்தில் திருகின் மேல் போய்ச் சும்மா உட்கார்ந்துகொண்டது.

டிவியில் எல்லோருக்கும் நூறு, நூற்றிருபது. ஏழாம் நம்பருக்கு இருபத்தெட்டு. அதற்கும் கீழே ஒன்று இருந்தது. எட்டாம் நம்பர், இருபத்தாறு.

திரும்பிப் பார்த்தார். சம்பந்தி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். "ஸ்ஸ்... அம்மாடி" என்று மூச்சும் விட்டார். அடிப்பாவி, அது என் மூச்சாச்சே என்று தையல்காரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாஸ்டர் பாட்டை நிறுத்தினார். "ஏழு, எட்டு... என்னம்மா இது?"

"வண்டி ரிப்பேர் மாஸ்டர்!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

மாஸ்டர் ஏழில் ஏறித் திருகை இறுக்கி மிதித்தார். இருநூற்றுப் பத்து. எட்டில் ஏறினார். இருநூற்றுப் பதினைந்து. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

படி இறங்கும்போது சம்பந்திதான் முதலில் வாய் திறந்தார். "முதல் நாள் நெஜமாத்தான் திருகினேன் சம்பந்தி. ரெண்டு நாள் எந்திரிக்க முடியல. அப்புறம்தான் நீங்க பண்றதைக் கவனிச்சேன்."

"ஒரு மாசமா தெரிஞ்சுமா வீட்ல சொல்லல?"

"சொன்னா, நீ எப்படிம்மா மிதிக்கிறேன்னு கேப்பாளே எம் பொண்ணு."

"அப்ப இன்னிக்கு நடந்தது?"

"என்ன நடந்துச்சு? வண்டிதானே ரிப்பேர்."

சம்பந்தியான இத்தனை வருடத்தில் முதல் முறையாகத் தையல்காரம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். படி இறங்க அந்தப் பிடி இருவருக்குமே தேவைப்படவில்லை. கால்கள் நன்றாகத்தான் இருந்தன.