கரியர் பூட்டிய மவுண்டன் பைக்

மட்கார்ட் இல்லை, கரியர் இல்லை, ஸ்டாண்ட் இல்லை, ஒரு பெல்கூட இல்லை. முழுச் சைக்கிளின் விலையை வாங்கிக்கொண்டு கடைக்காரன் பாதிச் சைக்கிளைத் தன் தலையில் கட்டிவிட்டான் என்றுதான் அப்பா கடைசிவரை நம்பினார். மவுண்டன் பைக் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நான் எவ்வளவோ சொல்லியும் அவர் காதில் ஏறவில்லை. மலையில் மட்டும் சேறு தெறிக்காதா என்று கேட்டார். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் பாதி வாழ்க்கையைச் சைக்கிளில் கழித்தவரிடம் பத்து வயதுப் பெண் என்னதான் வாதாட முடியும்?

அடுத்த சனிக்கிழமை, லண்டனில் எங்கள் தோர்ண்டன் ஹீத் வீட்டின் பின்வளவில் ஸ்பானரும் கையுமாக உட்கார்ந்து கடைக்காரன் விட்ட குறையெல்லாம் தீர்த்துவைத்தார். பிறகு ஹாண்டிலுக்குத் திருநீறு பூசி, சந்தனமும் குங்குமமும் வைத்து, சக்கரத்துக்கு ஒன்றாகத் தேசிக்காய் வைத்து நசுக்கச் சொன்னார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் வேலிக்கு மேலால் அத்தனையையும் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு மானம் போயிற்று. போதாததற்கு, வளருகிற பிள்ளை என்று சைக்கிளையும் பெரியதாகவே வாங்கியிருந்தார். எங்கள் வீட்டில் சப்பாத்து, கோட், பள்ளிக்கூட யூனிபோம் எல்லாம் அந்தக் கணக்கில்தான் வாங்கப்படும். நான் சீற்றில் உட்கார்ந்தால் கால்விரல் நுனிதான் நிலத்தில் படும்.

ரெய்னர்ஸ் லேனில் பெரியப்பாவின் மகன் இருந்தார். என்னைவிட மூன்று வயது மூத்தவர் என்பதால் எனக்கு அவர் அண்ணை. அவரிடம் அசல் மவுண்டன் பைக் இருந்தது, ஒன்றும் பூட்டாதது. அவர் என் சைக்கிளை ஒருமுறை சுற்றிவந்து, பேப்பர் போடப் போகிறாயா என்று இங்கிலீஷில் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இந்த உலகத்தில் வாழக்கூடாது என்று எனக்கு இருந்தது. ஓகஸ்ட் லீவில் எங்கள் இரண்டு குடும்பமும் வான் வண்டி பிடித்து வடக்கே லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளுக்குப் போவதாக இருந்தது. அங்கே மலை உச்சியிலிருந்து ஏரிவரை யார் முதலில் சைக்கிள் ஓடி இறங்குவது என்று இருவரும் கை அடித்துக்கொண்டோம்.

அந்தப் பயணத்தில் பெரியவர்களுக்கு இன்னொரு அலுவலும் இருந்தது. அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, ஒரு வருடத்துக்கு முன்னர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு இருந்தார். அவருக்கு ஹவுன்ஸ்லோவில் ஒரு சம்பந்தம் பொருந்தியிருந்தது. மாப்பிள்ளை ஏர்போட்டில் வேலை, சொந்த வீடு, நாற்பது தாண்டியவர். வீட்டில் படுக்கையாகக் கிடந்த தாயைப் பற்றி எல்லோரும் கடைசியாகவும் மெதுவாகவும்தான் சொன்னார்கள். சாதகம் பார்த்தாயிற்று. லீவு முடிவதற்குள் பெண் வீட்டிலிருந்து முடிவான பதில் போக வேண்டும். சின்னம்மா ஓமென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. எங்கள் ஆட்களிடம் பெண் பேசாமல் இருந்தால் அது ஓம் என்றுதான் கணக்கு. கொலிஜில் கொம்பியூட்டர் படிக்க விருப்பம் என்று அவர் ஒருமுறை சொன்னபோது, கலியாணத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்று அம்மா சொன்னதோடு அந்தக் கதையும் முடிந்திருந்தது.

நான் பார்த்த சின்னம்மா, தனியாக பஸ் ஏறத் தெரியாதவர். டொக்டரிடம் போனாலும் ஒருவர் கூட்டிக்கொண்டு போக வேண்டும், கடைக்குப் போனாலும் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அதனால்தான் மலையில் எங்களுக்குக் காவலாக அவரை விட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் இருவரும் சைக்கிளில் இறங்க, அவர் பின்னால் நடந்து வர, பெரியவர்கள் வானில் ரோட்டால் சுற்றி ஏரிக்கரைக்கு வந்து ரோல்ஸும் புளிச்சாதமும் எடுத்து வைப்பதாக ஏற்பாடு. ஏரிக்கரையில் டெலிபோன் பெட்டி இருக்கிறது, அங்கிருந்தே மாப்பிள்ளை வீட்டாருக்கு எடுத்து நல்ல சேதி சொல்லிவிடலாம் என்று பெரியம்மா வான் கதவைச் சாத்துமுன்னர் சொன்னார். சின்னம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பாதை என்று பெயர்தானே ஒழிய அது பாதி கல், பாதி தண்ணீர். முதல் நாள் மழை பெய்திருந்தது. இரண்டு பக்கமும் சாந்தில்லாமல் அடுக்கிய கல் மதில்கள் மலையின்மேல் ஏறி இறங்கின. எங்கு பார்த்தாலும் ஆடுகள். அண்ணை ஒரு உந்து உந்திக்கொண்டு கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விட்டார். நான் இரண்டாவது வளைவில் தலைகுப்புற விழுந்தேன். அப்பா பார்த்துப் பார்த்துப் பூட்டிய மட்கார்டுக்குள் சேறு அடைந்து முன் சக்கரம் இறுகி நின்றுவிட்டிருந்தது. முழங்கை உரிந்து இரத்தம் வந்தது. அதைவிடத் தோல்விதான் எரிந்தது. நான் சேற்றில் இருந்தபடியே குரல் எடுத்து அழுதேன்.

சின்னம்மா ஓடிவந்தார். என் முழங்கையைத் தன் பாவாடை விளிம்பால் துடைத்தார். பிறகு சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தை ஒருமுறை சுழற்றப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. முன் மட்கார்டை இரண்டு கையாலும் பிடித்து, காலைச் சட்டத்தில் ஊன்றி, ஒரே இழுவையில் பிடுங்கி எடுத்தார். பின்னதையும் அப்படியே. இரண்டு பிளாஸ்டிக் மட்கார்டையும் மடித்து அனோராக் மழைச்சட்டைக்குள் சொருகிக்கொண்டார். கரியரை மட்டும் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

“ஏறிப் பின்னாலை இரு. இடுப்பை இறுக்கிப் பிடி.”

“உங்களுக்கு ஓட ஏலுமே சின்னம்மா?”

அவர் பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஏறினார். எனக்குப் பெரிதாக இருந்த சைக்கிள் அவருக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது.

பெற்றோல் துளி கிடைக்காத போர்க்கால யாழ்ப்பாணத்தில், குண்டு போடும் பிளேன் கண்ணில் படாமல் தோட்ட வெளிகளுக்குள்ளாலும் வயல் வரம்புகளாலும் மாவும் மண்ணெண்ணெயும் கட்டி, ஏலாத தாயைக் கரியரில் வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடிக் காட்டிய பெண் அவர். அது அப்போது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், நாங்கள் பறக்கிறோம் என்பதுதான். அவர் சீற்றில் இருக்கவே இல்லை. பெடலில் எழுந்து நின்று, முன் பிறேக்கைத் தொடாமல், கல்லைக் கண்டால் உடம்பை ஒரு பக்கம் சாய்த்து ஓடினார். படிக்கட்டுப் போல் இறங்கிய இடத்தில் மட்டும் என்னை இறக்கிப் பின்னால் ஓடி வரச் சொன்னார். வழியை மறித்த ஆடுகளுக்கு அப்பாவின் பெல்லை அடித்தார். தமிழிலும் ஏசினார். அவை விலகின.

ஓரிடத்தில் பாதைக்குக் குறுக்கே பெரிய மரப் படலை. அதைத் திறந்ததும் முழுப் பள்ளத்தாக்கும் காலடியில் விரிந்தது. தூரத்தில் ஏரி, கரையில் நெருப்புப் பெட்டி அளவில் எங்கள் வான். சின்னம்மா சைக்கிளைப் பிடித்தபடி மேலே நாங்கள் புறப்பட்ட இடத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஏரியைப் பார்த்தார். மூச்சு வாங்கியது.

“என்னை ஒருத்தரும் கூட்டிக்கொண்டு வரேல்லை, என்ன குஞ்சு?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இங்கே ரேஸ் நடக்கிறது, இவர் நின்று கதைக்கிறார். “நான் இருக்கிறன்தானே” என்றேன்.

“ஓம். உன்னை நான்தான் கொண்டு வந்தனான்” என்று சொல்லிச் சிரித்தார். வந்த நாளிலிருந்து அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

அண்ணையை ஓடைக்கரையில் பிடித்தோம். புதுச் சைக்கிள் நனையக் கூடாதென்று அவர் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு கல்லுக்குக் கல் கால் வைத்துப் போய்க்கொண்டிருந்தார். சின்னம்மா நிற்கவில்லை. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனோம். போகும்போது பெல்லையும் அடித்தார். அண்ணை முழுக்க நனைந்துபோய் வாயைத் திறந்தபடி பார்த்த அந்தப் பார்வைக்காக நான் இன்னொரு முழங்கையையும் உரித்துக்கொள்ளத் தயாராக இருந்தேன். கடைசிப் புல்வெளி முழுவதும் நான் கரியரில் இருந்து கத்திக்கொண்டே வந்தேன். வானைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துத்தான் சின்னம்மா சைக்கிளை நிறுத்தினார்.

தலையிலிருந்து கால்வரை சேறாய் நின்ற தங்கையைப் பார்த்து அம்மா தலையில் கை வைத்தார். நாங்கள் வென்ற கதையை நான் ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன். ஒருவரும் கேட்கவில்லை. ஏனென்றால் அதே நேரம் சின்னம்மா அனோராக்குக்குள்ளிருந்து இரண்டு மட்கார்டையும் எடுத்து அப்பாவின் கையில் கொடுத்துக்கொண்டே பேசினார். குரலை உயர்த்தவே இல்லை.

“அத்தான், அவையளுக்கு எனக்கு விருப்பமில்லை எண்டு சொல்லிவிடுங்கோ. நான் செப்டெம்பரிலை கொலிஜுக்குப் போகப்போறன்.”

தண்ணியில் நனைந்து விசர்க் கதை கதைக்கிறாய் என்றார் அம்மா. இப்படி ஒரு இடம் இனி வராது என்றார் பெரியம்மா. சின்னம்மா ஒரு ரோலை எடுத்துக் கடித்தார்.

“யோசிச்சுத்தான் அக்கா சொல்லுறன். நான் பேசாமல் இருந்ததுதான் பிழை.”

அப்பா மட்கார்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவற்றை வானுக்குள் வைத்துவிட்டு, சட்டைப்பையில் சில்லறையைத் தேடிக்கொண்டு டெலிபோன் பெட்டியை நோக்கி நடந்தார். கண்ணாடிக்குப் பின்னால் அவர் நெடுநேரம் தலையாட்டிக் கதைப்பது தெரிந்தது. அம்மா ஏரியைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தார். என் முழங்கையைப் பார்த்துத்தான் அழுகிறார் என்று நினைத்து, வலிக்கவில்லை அம்மா என்று நான் தேற்றினேன்.

திரும்பி வரும்போது லண்டன்வரை சின்னம்மா என் தோளில் சாய்ந்து நித்திரை கொண்டார். முகத்தில் காய்ந்த சேற்றைக்கூடக் கழுவவில்லை. எனக்கு அது பெரிய மனக்குறை. இப்படி ஒரு வெற்றிக்குப் பிறகு ஒரு மனிசியால் எப்படி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் தூங்க முடியும்? முன் சீற்றில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த அண்ணையின் பிடரியை நான் மட்டும் வழிநெடுகப் பார்த்து மகிழ்ந்துகொண்டு வந்தேன். அன்று மலையில் நாங்கள் வென்றது அவரைத்தான் என்று நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.