சம்பந்தி விட்டுக்கொடுத்த அறை

முனீஸ்வரிக்குக் கடலைக் கண்டு பயமில்லை. இருமல் சத்தத்தைக் கேட்டால்தான் பயம்.

அனுமந்தன்பட்டியில் அவள் கணவர் சின்னக்கருப்புக்குச் சொந்தமாக ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. வாலிபத்திலிருந்தே அவரேதான் கொடிக்கு மருந்து அடிப்பார். மூக்கில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு இறங்குவார். யாராவது வரப்பில் வந்தால் துண்டை இறக்கிவிட்டுப் பேச ஆரம்பித்துவிடுவார். மனிதருக்கு அவ்வளவு பேச்சு ஆசை. பேசிய ஒவ்வொரு பேச்சுக்கும் கொஞ்சம் மருந்து உள்ளே போனது. போன மார்கழியில் வெறும் சளி என்று ஆரம்பித்தது நிமோனியாவில் கொண்டுபோய் விட்டது. தேனி ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு மூச்சையும் ஆழக் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல இறைத்தார். கால்மாட்டில் உட்கார்ந்து, அந்த நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள் முனீஸ்வரி. ஏறிய நெஞ்சு இறங்கியதும், மறுபடி ஏறுமா என்று அவள் உயிர் ஒரு கணம் நின்று நின்று வந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அவளை மட்டும் கூப்பிட்டார்.

"இன்னொரு தடவை இப்படி வந்தா தாங்குறது கஷ்டம்மா. பாத்துக்கங்க."

அந்தச் சொல்லை அவள் கணவரிடமும் சொல்லவில்லை, மகளிடமும் சொல்லவில்லை. முந்தானையில் நெருப்பை முடிந்து வைத்துக்கொண்டவளைப்போல ஒரு வருடம் நடமாடினாள்.

அப்படிப்பட்டவளைத்தான் கப்பலுக்கு வா என்று கூப்பிட்டார் சம்பந்தி.

சுருளிவேல் கம்பத்தில் உரக்கடை வைத்திருப்பவர். முனீஸ்வரியின் ஒரே மகள் கயலை அவர் மகனுக்குத்தான் கொடுத்திருந்தது. நன்றாக விற்றுக் கொடுத்த கடைக்காரர்களை உரக் கம்பெனிக்காரர்கள் வருடம் ஒருமுறை எங்காவது கூட்டிப்போவது வழக்கம். இந்த வருடம் கப்பல். கொச்சியில் ஏறி, கடலைச் சுற்றிவிட்டுக் கொச்சியிலேயே இறங்க வேண்டும். சுருளிவேலுக்கு இரண்டு அறை கிடைத்தது. ஒன்று சம்பந்திக்கு என்று அப்போதே சொல்லிவிட்டார்.

"இருமல் காலமா இருக்கேண்ணே. ஊரெல்லாம் காய்ச்சலா கெடக்கு" என்று முனீஸ்வரி இழுத்தாள்.

"காய்ச்சல் கரையில கெடக்குறவனுக்குத்தான் தங்கச்சி. நடுக்கடலுக்கு அது என்ன நீந்தியா வரும்?"

சின்னக்கருப்பு விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. முனீஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை.

டாக்டரிடம் கேட்டாள். போகலாம், ஆனால் கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே இரண்டு பேரும் சளிக்காய்ச்சலுக்கான ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்றார் அவர். "கப்பல்ல ஏறுறதுக்கு ஊசியா? சந்தைக்குப் போற ஆட்டுக்குக்கூட இம்புட்டு இல்ல" என்று முனகிக்கொண்டேதான் சின்னக்கருப்பு கையை நீட்டினார். சுருளிவேலையும் போட்டுக்கொள்ளச் சொன்னாள். "நான் என்ன கைப்பிள்ளையா?" என்று மீசையைத் தடவிக்கொண்டார் அவர்.

குமுளி மலை ஏறி, பஸ்ஸில் கொச்சி போய்ச் சேர்ந்தார்கள். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மட்டும் ஒரு பஸ் நிறைய உரக்கடைக் குடும்பங்கள். கப்பலில் அறைச் சாவிகளை வாங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒரு அறைக்குக் கடலைப் பார்த்த பால்கனி உண்டு. இன்னொன்று கப்பலின் வயிற்றுக்குள், ஜன்னலே இல்லாத அறை. சுருளிவேல் யோசிக்கவே இல்லை.

"பொண்ணு குடுத்தவுக. நல்ல ரூமு அவுகளுக்குத்தான்."

அவர் மனைவி சோணையம்மாளின் முகம் ஒரு நொடி வாடியது. ஆனாலும் ஜன்னல் இல்லாத அறையின் சாவியை வாங்கிக்கொண்டாள்.

அறைக்குள் போனதும் முனீஸ்வரி செய்த முதல் வேலை, அந்தப் பால்கனிக் கதவை இறுக்கிச் சாத்தியது. மார்கழிப் பனி. அதோடு உப்புக் காற்று. நெஞ்சுச்சளி மனிதருக்கு இதைவிட எமன் வேண்டுமா? அடியில் காற்று வரும் இண்டுக்குக்கூடத் துண்டைச் சுருட்டிச் செருகினாள். கணவரின் காதைச் சுற்றி மஃப்ளரைக் கட்டினாள். மேல்தளத்துக்கு வாருங்கள், வெயில் நன்றாக இருக்கிறது என்று மற்றவர்கள் கூப்பிட்டபோது, "காத்து ஆகாது" என்று சொல்லி, ஏசி போட்ட பெரிய கூடத்திலேயே அவரை உட்கார வைத்தாள்.

அந்தக் கூடத்தில்தான் இருமல் இருந்தது.

சாப்பாட்டு வரிசையில் முன்னால் நின்றவர் இருமினார். பின்னால் ஒரு பெண் தும்மினாள். ஒரே கரண்டியை எத்தனையோ கைகள் தொட்டன. முனீஸ்வரி கணவரைத் திரும்பத் திரும்பக் கை கழுவ அனுப்பினாள். "கைரேகை அழிஞ்சிரும்த்தா" என்றார் அவர். அப்போது எதிரே உட்கார்ந்திருந்த சுருளிவேல், கைக்குட்டையில் வாயைப் பொத்திக்கொண்டு, உடம்பு குலுங்க இருமினார்.

"ஒண்ணுமில்ல. ஏசி ஒத்துக்கல."

முனீஸ்வரியின் கையில் இருந்த சோறு தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

மறுநாள் காலை சோணையம்மாள் கலங்கிய கண்ணோடு வந்தாள். சுருளிவேலுக்கு அனலாய்க் காய்ச்சல்.

எங்கள் ஊர்ப்பக்கம் ஒருவர் படுத்துவிட்டார் என்று காதில் விழுந்தால் போய்ப் பார்க்காமல் இருக்க முடியாது. கல்யாணத்துக்கு வராதவனைக்கூட மன்னிப்பார்கள். படுத்தபோது எட்டிப் பார்க்காதவனைப் பேரன் காலம்வரை சொல்லிக் காட்டுவார்கள். பார்க்கப் போனால் சும்மா தலையைக் காட்டிவிட்டு வரவும் கூடாது. கட்டிலில் உட்கார வேண்டும், கையைப் பிடிக்க வேண்டும், என்ன சாப்பிட்டார் என்று கேட்க வேண்டும். பஸ்ஸில் வந்தவர்களில் பாதிப்பேர் அந்த ஜன்னல் இல்லாத அறையில் கூடிவிட்டார்கள். கடையில் ஆரஞ்சு வாங்க வழியில்லாமல், சாப்பாட்டுக் கூடத்தில் எடுத்த ஆப்பிளோடு வந்திருந்தார்கள். ஏசி குளிர் வெளியே போகாமல் இருக்கவும், நோயாளிக்கு எதிர்க்காற்று படாமல் இருக்கவும் கதவைச் சாத்தியிருந்தார்கள்.

முனீஸ்வரிதான் கணவரைக் கூட்டிப்போனாள். பெண் கொடுத்த சம்பந்தியாயிற்றே! முதல் ஆளாகப் போகாவிட்டால் கயல் அந்த வீட்டில் எப்படித் தலைநிமிர்வாள்? சின்னக்கருப்பு கட்டிலில் உட்கார்ந்து சுருளிவேலின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். சுருளிவேல் இருமினார். அந்த மூச்சு நேராகத் தன் கணவரின் முகத்தில் போய்ப் படுவதை முனீஸ்வரி பார்த்தாள். எழுந்துவாங்க என்று அவள் உள்ளம் கதறியது. வாய் திறக்கவில்லை. இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வாள்!

கதவு திறந்தது. முகக்கவசம் போட்ட ஒரு பெண் நின்றாள். கப்பலின் நர்ஸ், ஜெபஷீலா. நாகர்கோவில்காரி.

"ஐயோ, இது என்ன கூட்டம்? எல்லாரும் வெளிய வாங்க. இது ஃப்ளூ காய்ச்சல். அடைச்ச ரூமுக்குள்ள பேசினாலே போதும், ஒட்டிக்கும்." பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "இங்க யாருக்காவது நெஞ்சுல கோளாறு உண்டா? போன வருசம் நிமோனியா, ஆஸ்துமா, அப்படி ஏதாவது?"

ஒரு வருடமாக முந்தானையில் முடிந்திருந்த நெருப்பு முனீஸ்வரியைச் சுட்டது.

"இவுகளுக்கு" என்றாள். "இன்னொரு தடவை வந்தா தாங்காதுன்னு டாக்டர் சொன்னாக."

சின்னக்கருப்பு மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவருக்கே அது அப்போதுதான் தெரியும்.

நர்ஸ் இருவரையும் அவர்கள் அறைவரை கூட்டிப்போய், முகக்கவசம் கொடுத்தாள். கூட்டத்துக்குப் போக வேண்டாம், சாப்பாட்டை அறைக்கே வரவழைத்துக்கொள்ளலாம் என்றாள். "உடம்பு லேசா சுட்டாலும் உடனே போன் பண்ணணும். நாளைக்குப் பாப்போம்னு இருக்கக் கூடாது. இதுக்கு உள்ள மாத்திரை ஆரம்பத்துலயே குடுத்தாத்தான் நல்லா கேக்கும்." அப்படியே அறையை ஒரு நோட்டம் விட்டவள், கதவடியில் செருகியிருந்த துண்டைப் பார்த்துத் திகைத்தாள். "பால்கனி வச்ச ரூம்ல இருந்துகிட்டா இப்படி அடைச்சு வச்சிருக்கீங்க?"

"பனிக்காத்தும்மா. நெஞ்சைப் புடிச்சிரும்."

"போர்வை போத்தி விடுங்க. கதவைத் திறந்து வைங்க. அடைஞ்சு நிக்கிற காத்துதான்ம்மா ஆபத்து."

நர்ஸ் போய்விட்டாள். முனீஸ்வரி கதவின் முன் நின்றாள். அடைஞ்சு நிக்கிற காத்து. இந்தப் பேச்சை அவள் எங்கே கேட்டிருக்கிறாள்? கேட்கவில்லை, அவளே சொல்லியிருக்கிறாள். பந்தலில் இலை மண்டி, காற்றுப் போக வழியில்லாமல் போனால், ஒரு கொடியில் விழுந்த சாம்பல் நோய் தோட்டம் முழுக்க ஏறிவிடும். அதற்காகத்தானே வெயிலில் அண்ணாந்து நின்று, கழுத்து வலிக்க வலிக்க இலை கிள்ளுகிறாள்! "காத்து உள்ள போய் வெளிய வரணும்த்தா" என்று கூலிக்கு வரும் பெண்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பாள்! கொடி விஷயத்தில் தெரிந்த நியாயம் கட்டிய புருசன் விஷயத்தில் அவளுக்கு ஏன் தெரியாமல் போயிற்று?

துண்டை உருவி எறிந்தாள். கதவைத் திறந்தாள். கடல் உள்ளே வந்தது.

அடுத்த நாள் காலை கதவு தட்டப்பட்டது. சோணையம்மாள். முகக்கவசம் கழுத்தில் தொங்கியது. அவளும் இருமிக்கொண்டுதான் இருந்தாள்.

"அவரு கேக்குறாரு மதினி. சம்பந்தி ஏன் இன்னும் வரலைன்னு கேக்குறாரு."

சின்னக்கருப்பு சட்டையை எடுத்தார். முனீஸ்வரி வாசலை மறித்துக் கைகளை விரித்து நின்றாள்.

"இவுக வரமாட்டாக மதினி. நீங்களும் உள்ள வராதீங்க. கும்பிட்டுக் கேக்குறேன்."

"என்ன சொன்னீக?" சோணையம்மாளின் கண்கள் விரிந்தன. "எம்புருசன் என்ன தீண்டத்தகாதவரா? நல்ல ரூமைத் தூக்கி உங்களுக்குக் குடுத்துட்டு இருட்டு ரூம்ல கெடக்குறாரே, அவரையா? இருக்கட்டும். உங்க மக எங்க வீட்லதான் இருக்கா. அதை மறந்துராதீக."

அவள் போய்விட்டாள். முனீஸ்வரி வாசல் கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் சாய்ந்தாள். ஒரு பக்கம் தாலி. ஒரு பக்கம் மகள். எதைக் காத்தாலும் மற்றது அறுந்துவிடும்போல இருந்தது.

"என்ன காரியம் பண்ணிட்ட முனீசு?" என்றார் சின்னக்கருப்பு.

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் இருமினார். ஒரு முறை. மறுபடியும். பதறிப்போய் நெற்றியைத் தொட்டாள்.

சுட்டது!

ஊராக இருந்தால் நொச்சியும் மஞ்சளும் போட்டு வேது பிடித்து, ஒரு கசாயம் வைத்து, மறுநாள் பார்ப்போம் என்று இருந்திருப்பாள். போன வருடம் அப்படித்தான் இருந்தாள். இப்போது உடனே போனை எடுத்தாள். ஜெபஷீலா டாக்டரோடு ஓடிவந்தாள். விரலில் ஆக்ஸிஜன் அளக்கும் ஒரு கிளிப்பை மாட்டிப் பார்த்தார்கள். மாத்திரை கொடுத்தார்கள். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். முதுகில் வைத்துக் கேட்டார். அதே இடத்தில் மறுபடியும் வைத்துக் கேட்டார். அவர் முகத்தில் எழுதியிருந்ததை முனீஸ்வரியால் படிக்க முடியவில்லை.

"இப்போதைக்கு ஆக்ஸிஜன் பரவாயில்ல. குறைஞ்சா கீழ மருத்துவ அறைக்குக் கொண்டு போயிருவோம்" என்றாள் நர்ஸ்.

"அதுக்கும் மேல ஆச்சுன்னா?"

நர்ஸ் அவள் தோளைத் தொட்டாள். அவ்வளவுதான். நாலா பக்கமும் தண்ணீர். ஒரு கரை கண்ணுக்குத் தெரியவில்லை. கூப்பிட்டால் ஓடிவரும் தேனி ஆம்புலன்ஸ் இங்கே எப்படி வரும்? முனீஸ்வரி முகக்கவசத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு கால்மாட்டில் உட்கார்ந்தாள். அதே கால்மாடு. அதே நெஞ்சு. ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறுமா?

"வீரபாண்டி ஆத்தா, சித்திரையில உனக்கு அக்கினிச்சட்டி எடுக்குறேன். இந்த மூச்சை மட்டும் எனக்கு விட்டுரு."

அன்று முழுதும் அவள் எழவில்லை. பஸ்ஸில் வந்தவர்களில் பலர் படுத்துவிட்டார்கள், அந்த அறையில் உட்கார்ந்தவர்கள்தான் எல்லாம் என்று சாப்பாடு கொண்டுவந்தவர் சொன்னார். மறுநாளும் காய்ச்சல் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. ஒவ்வொரு முறை அந்தக் கிளிப்பை மாட்டும்போதும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

கடைசியில் கொச்சி நெருங்கிய காலையில், சின்னக்கருப்பின் நெற்றியில் வேர்வை துளிர்த்தது.

"பசிக்குதுத்தா" என்றார்.

முனீஸ்வரி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். ஜெபஷீலா கிளிப்பைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஊசி போட்டிருந்தாரு. நீங்களும் தாமசிக்காம கூப்பிட்டீங்க. ஊருக்குப் போனதும் உங்க டாக்டர்கிட்ட காட்டிருங்க."

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. பால்கனிக்கு மேலே, திறந்த தளத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகக்கவசத்தோடு ஒரு தலை எட்டிப் பார்த்தது. இளைத்துப்போன சுருளிவேல். பக்கத்தில் சோணையம்மாள், முகத்தைக் கடலுக்குத் திருப்பியபடி.

"தங்கச்சி! வாசக்கதவைத் தொறக்க வேணாம். இங்கன இருந்தே விசாரிச்சுக்கிறேன். எங்க சம்பந்தி எப்படி இருக்காரு?"

சின்னக்கருப்பு போர்வையோடு தள்ளாடி வெளியே வந்தார்.

"மூச்சு இருக்கு மச்சான்!"

"அது போதும்யா! நான் உங்க மொகத்துல இருமினதுக்கு நீங்க என்னைக் கொன்னுருக்கணும்." அவர் கம்பிமேல் சாய்ந்தார். "அந்த ரூமை உங்களுக்குக் குடுத்தேன் பாத்தியா தங்கச்சி, நான் செஞ்ச ஒரே நல்ல காரியம்."

முனீஸ்வரி பின்னாலேயே வந்து கைகூப்பினாள். கண்ணீரில் அந்த இரண்டு தலைகளும் கலங்கித் தெரிந்தன.

"மதினி, எம்மேல கோவம் இருந்தா என்னோட போகட்டும். கயலு ஒண்ணும் அறியாத புள்ள."

சோணையம்மாள் கடலிலிருந்து முகத்தைத் திருப்பினாள். பிறகு கீழே குனிந்து, சின்னக்கருப்பின் திறந்த தலையைப் பார்த்தாள்.

"முதல்ல அவரு காதுல துண்டைக் கட்டுங்க. என்னமா காத்து அடிக்குது!"

முனீஸ்வரி அழுகையோடு சிரித்தாள். மஃப்ளரை எடுத்து வந்து கணவரின் காதைச் சுற்றிக் கட்டினாள். கதவை மட்டும் சாத்தவில்லை.

சின்னக்கருப்பு இருமினார்.

மேலே இரண்டு பேரும் கம்பியை இறுகப் பிடித்தார்கள். முனீஸ்வரியின் கை அவர் நெஞ்சில் போய் நின்றது. நெஞ்சு இறங்கியது. அவள் காத்திருந்தாள். மெல்ல, மறுபடி ஏறியது.