அப்பா போன லாட்ஜ்

மாதத்தில் ஒரு சனிக்கிழமை அப்பா கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு பஸ் ஏறுவார். சித்திரை வெயிலிலும் அதே கோட்டுதான். எங்கே போகிறீர்கள் என்று யார் கேட்டாலும் கணக்கு வாத்தியாரான அவரிடம் ஒரே பதில்தான்: "லாட்ஜுக்கு."

அம்மாவின் துன்பம் அங்கேதான் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் லாட்ஜ் என்றால் பஸ் ஸ்டாண்டு எதிரே ரூம் வாடகைக்கு விடும் இடம்.

"தெருவே சிரிக்குதுங்க. மீட்டிங்குக்குப் போறேன்னு சொன்னா வாய் சுட்டுடுமா?"

"அதோட பேரே லாட்ஜுதான். நான் இன்னா பண்றது?"

அது ஒருவரையொருவர் 'பிரதர்' என்று அழைத்துக்கொள்ளும் ஃப்ரீமேசன்களின் சங்கம். விழுப்புரம் ஜங்ஷனில் வேலை பார்த்த வெள்ளைக்கார ரயில்வே அதிகாரிகள் தொடங்கியதாம். அவர்கள் கப்பல் ஏறிய பிறகு வக்கீல்களும் டாக்டர்களும் மண்டிக்காரர்களும் நடத்தி வந்தார்கள். உள்ளே நடப்பதை வெளியில் சொல்லக் கூடாது. அவர் சொல்லாததால் மற்றவர்கள் சொன்னார்கள். மண்டை ஓடு வைத்துக் கும்பிடுகிறார்கள் என்றாள் பக்கத்து வீட்டு அத்தை. நான் ஒருநாள் அப்பாவின் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒரு வெள்ளை ஏப்ரனும் கையுறையும் இருந்தன. சமைக்கத்தான் போகிறார் என்று முடிவு செய்தேன். வீட்டில் வெந்நீர்கூட வைக்காத மனிதர் அவ்வளவு தூரம் போய்ச் சமைக்கிறாரே என்று எரிச்சலாக வந்தது.

நான் நாலாவது படிக்கும்போது எனக்குப் புதுநன்மை, மாதா கோயிலில் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள். பங்குச் சாமியார் அப்பாவைக் கூப்பிட்டுத் தன்மையாகத்தான் சொன்னார்: அந்தச் சங்கத்தைத் திருச்சபை ஒத்துக்கொள்வதில்லை, அதை விட்டால்தான் மகளோடு நன்மை வாங்கலாம்.

"புள்ளைக்காகவாவது வுட்டுத் தொலைங்க. அப்படி அங்க இன்னாதான் இருக்குது?"

"சொல்லக் கூடாதும்மா."

அம்மா கரண்டியைத் தரையில் விட்டெறிந்தாள்.

அவர் விடவில்லை. புதுநன்மை அன்று எல்லாப் பிள்ளைகளுக்கும் பக்கத்தில் அப்பாவும் அம்மாவும் முழங்காலில் இருந்தார்கள். என் பக்கத்தில் அம்மா மட்டும். அப்பா கோயிலின் கடைசியில் கைகட்டி நின்றார். புது வெள்ளை கவுனோடு நான் அழுத அழுகையைப் பார்த்துப் பாடல் குழுவே தாளம் தப்பியது. பல நாள் அவரோடு பேசவில்லை. அவரும் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கடுப்பாக இருந்தது.

அந்த வருஷமே லாட்ஜின் தலைவர் பதவி சுற்றி அப்பாவிடம் வந்தது. சடங்கு முடிந்ததும் தேநீருக்குக் குடும்பத்தையும் அழைத்தார்கள். "அந்த மண்டை ஓட்டைப் பார்த்துட்டே வர்றேன்" என்று அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள்.

கதவைத் திறந்து உள்ளே விட்டார்கள். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை, கடகடக்கும் ஃபேன், சுவரில் மீசை வைத்த துரைகளின் போட்டோ. ஒரு மூலையில் இரண்டு பெரியவர்கள் யார் வெள்ளையடிக்கச் சொன்னது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "இதுக்கா இத்தினி பேஜாரு?" என்று அம்மா பல்லைக் கடித்தாள்.

அப்பா நடுவில் உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஜரிகை வேட்டி கட்டிய ஒரு முதியவர் அவரை நோக்கி டீ எடுத்து வந்தார். அம்மாவின் முகம் மாறியது. "இவரு ஓமந்தூர் பக்கம் உங்கப்பா ஊரு பண்ணைக்காரருடி. உங்க தாத்தா அவங்க மாட்டைத்தான் மேய்ச்சாரு. அந்த வாசப்படி ஏற வுட்டதில்ல" என்று என் காதில் சொன்னாள்.

அவரைப் பார்த்ததும் அப்பா சட்டென்று எழுந்தார். முதியவர் ஒரு கையால் அப்பாவின் தோளை அழுத்தினார்.

"நீங்க உக்காருங்க பிரதர். டீ ஆறிடப் போவுது."

அப்பா உட்கார்ந்து டீயை வாங்கிக்கொண்டார். முதியவர் நின்றுகொண்டே இருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்த மாதம் அந்தக் கோட்டை அவளே தேய்த்துக் கொடுத்தாள். எனக்கோ இருவர் மேலும் ஆத்திரமாக வந்தது. ஒரு கிளாஸ் டீக்காகவா என் புதுநன்மையை விட்டுக்கொடுத்தார்? அதுவும் பாலாடை மிதந்த, சர்க்கரை பத்தாத டீ.