கந்தகம் கூடிய செருப்பு

போன வாரம் போடிமெட்டு ஏறுகையில் பஸ்ஸுக்குள் ரப்பர் கருகும் வாடை. எல்லோரும் மூக்கைப் பொத்த, நான் மட்டும் நன்றாக இழுத்து மோந்தேன். அந்த வாடை வந்தாலே எனக்குச் சுருளி அண்ணன் ஞாபகம்தான். ஞாபகம் என்ன ஞாபகம், வயிற்றெரிச்சல்.

ஜீப்பின் அடியில் குலுக்கலைத் தாங்கும் ரப்பர் புஷ் வார்க்கிற போடிப் பட்டறையில் வேலை பார்த்தேன். ரப்பரில் கந்தகத்தை நிறுத்துப் போடுவது என் பொறுப்பு. குறைந்தால் பிசுபிசுவென்று இழுக்கும். அளவாய்ப் போட்டு வேகவைத்தால், இழுத்துவிட்டாலும் பழையபடி சுருங்கிக்கொள்ளும். கூடினால் இறுகிப்போய்ப் பட்டென்று உடையும். குழம்பில் உப்பைக் கோட்டைவிடுகிற எனக்கு, நம்புங்கள், இதில் ஒருநாளும் கை தப்பியதில்லை.

கலவை மேஸ்திரி சுருளி அண்ணன் ரப்பர் ஷீட் தீர்ந்ததை முதலாளியிடம் சொல்ல மறந்துவிட்டு, பாதிக்குப் பாதி சுண்ணாம்புத் தூளைக் கொட்டி ஒப்பேற்றினார். அந்தப் புஷ் மாட்டிய ஜீப்பு ஏலத்தோட்டத்துப் பெண்களோடு மலை ஏறும்போது, வளைவில் ஒருபக்கமாக இழுத்துப் பாறையில் மோதி நின்றது. நல்லவேளை, சிராய்ப்போடு போயிற்று. டிரைவர் சிதைந்த புஷ்ஷோடு வந்து கத்தினார்.

“இந்தப் புள்ளதாண்ணே கந்தகத்த அள்ளிப் போட்ருச்சு” என்றார் சுருளி அண்ணன் முதலாளியிடம், கூசாமல்.

அந்த ஜீப்பில் என் ஆத்தாவும் இருந்தாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நானா விடுவேன்? அவர் தன் செருப்புக்கு ரப்பர் அடிப்பாகம் வார்க்கச் சொன்னபோது, கந்தகத்தை நிஜமாகவே அள்ளிப் போட்டேன். கூடுதலாக வேகவும் விட்டேன். பட்டறை வாசலில் அவர் வண்டியிலிருந்து இறங்கிக் காலை ஊன்ற, செருப்பு இரண்டாய் உடைந்தது. கண் குளிரப் பார்த்தேன்.

உடைந்த துண்டை முதலாளி மேசையில், டிரைவர் கொண்டுவந்த புஷ்ஷுக்குப் பக்கத்தில் வைத்தேன். “கந்தகம் கூடுனா இப்பிடித்தாண்ணே, ஓடு மாதிரி ஒடையும். புஷ்ஷப் பாருங்க, புட்டா உதிருது. தேச்சா வெள்ளையா ஒட்டுது. சுண்ணாம்பு.”

தேய்த்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “அப்ப செருப்புல கூட்டுனது ஆரு?”

“நாந்தேன்.”

இரண்டு பேருக்கும் அன்றே வேலை போனது. ஆத்தாவிடம் நடந்ததைச் சொன்னேன். சாப்பிடக் கூப்பிட்டுச் சோறு போட்டாள்.

சுருளி அண்ணன் செத்தபோது அவர் ஊரான சிலமலைக்குத் துட்டிக்குப் போனேன். அழுகை வரவில்லை, வரவழைக்கவும் இல்லை. பட்டறையும் இப்போது இல்லை. புஷ் எங்கிருந்தோ அட்டைப்பெட்டியில் வருகிறது. கலந்தவன் கறுப்பா சிவப்பா, யாருக்கும் தெரியாது. நாளைக்கு ஒரு ஜீப்பு கவிழ்ந்தால், யாருடைய செருப்பில் நான் கந்தகத்தைக் கூட்டுவது?