தாம்பாளத்தில் இரண்டு பங்கு

விளிம்பில் ஓரிடம் நசுங்கிப்போன பித்தளைத் தாம்பாளம் ஒன்று என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. பழைய பாத்திரம் வாங்குகிறவன் பலமுறை கேட்டுவிட்டான். நான் கொடுப்பதாக இல்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் தியாகராய நகரில் ஒரு வாசற்படியும், அதில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பணக்கார அம்மாளும், இதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வெயிலில் நின்ற எங்கள் வேலையம்மாவும்தான் கண்முன் வருகிறார்கள்.

வேலையம்மா என்பது, வேலை தேடித் தருகிறவர் என்பதால், மயிலாப்பூர் அனாதை இல்லத்துப் பெண்களாகிய நாங்கள் அவருக்கு வைத்த பெயர். இல்லத்துக் கமிட்டியில் இருந்தவர், பெரிய உத்தியோகஸ்தரின் மனைவி. மடிசார் கட்டி, வைரத்தோடு மின்ன வருவார். பதினெட்டு வயதானால் இல்லத்தில் எங்களுக்கு இடமில்லை. ஒன்று கல்யாணம், இல்லாவிட்டால் வேலை. எங்களைக் கல்யாணம் செய்துகொள்ள வாசலில் யாரும் வரிசைகட்டி நிற்கவில்லை. ஆகவே வேலையம்மா எங்களில் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு தெரிந்த வீடுகளுக்கெல்லாம் ஏறி இறங்குவார். தையல் தெரியும், குழந்தை வளர்க்கத் தெரியும், கொஞ்சம் இங்கிலீஷ்கூட வாசிப்பாள் என்று சொல்லிப் பார்ப்பார். வீட்டுக்காரிகள் கொட்டாவி விடாத குறை. அதன்பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கடைசி அஸ்திரத்தை விடுவார்.

“தீபாவளிக்கு ஊருக்குப் போறேன்னு நிக்க மாட்டா. அண்ணா வந்தான், அத்தை வந்தான்னு வாசல்ல கூட்டம் கூடாது. இவளைக் கேக்க ஒரு மனுஷா கெடையாது.”

வேலை உடனே கிடைத்துவிடும். அவர் பக்கத்தில் தலையைக் குனிந்து நின்று நானும் அதைக் கேட்டேன். அப்போது அது எனக்கு அவமானமாகப் படவில்லை என்றால் நம்புவீர்களா? என்னிடமும் இப்படியொரு உயர்ந்த குணம் இருக்கிறதே என்று உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது.

என்னை வைத்துக்கொண்டது ஒரு வக்கீல் வீடு. ஏரியைத் தூர்த்து மனை போட்ட தியாகராய நகரில் அப்போது பாதி வீடுகளுக்குச் சாந்து காயவில்லை. எனக்கு முன்னால் அங்கே வேலை பார்த்தவளும் எங்கள் இல்லத்துப் பெண்தான். அவளை அக்கா என்று கூப்பிட்டுத்தான் எங்களுக்குப் பழக்கம். ராத்திரி பயந்து அழும் சின்னப் பெண்களைத் தன் பாயில் இழுத்துப் போட்டுக்கொள்வாள். நானும் அந்தப் பாயில் படுத்து வளர்ந்தவள்தான். வக்கீலின் பெண்ணுக்குப் பம்பாயில் குழந்தை பிறந்ததால் அக்காவை அங்கே அனுப்பிவிட்டதாகவும், இங்கே இன்னொருத்தி வேண்டுமென்றும் வக்கீல் மனைவி வேலையம்மாவிடம் சொல்லியிருந்தார். பம்பாய்! இல்லம் முழுக்க அதே பேச்சு. அவளுக்கு அடித்த யோகத்தை நினைத்து நாங்கள் பொருமிப்போனோம்.

வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளில் ஒரு காலை மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கூட்டிப் பெருக்குகிற அம்மாள் பக்கத்தில் இருந்தாள். அக்காவும் இங்கேதானே துணி போட்டிருப்பாள், இப்போது பம்பாயில் என்ன செய்கிறாளோ என்றேன்.

“இன்னாது, பம்பாயா?” என்று அவள் துடைப்பத்தைக் கீழே போட்டாள். “தோ, இந்தக் கைப்புடிச் சொவுரு அப்போ இல்ல கண்ணு. துணி போட வந்தவ கால் தவறிக் கீய வுயுந்துட்டா. இடுப்பு ஒடிஞ்சு பூட்ச்சு. வண்டில ஏத்தி ஆஸ்பத்திரில வுட்டுட்டு வந்துட்டாங்கோ. அப்பாலதான் சொவுரு கட்னாங்கோ.”

“அப்புறம் யாரும் போய்ப் பாக்கலையா?”

“யாரு கீறாங்கோ, அவளக் கேக்கறதுக்கு?”

வேலையம்மா சொன்ன அதே வார்த்தை! என் கையிலிருந்த ஈரப்புடவை தரையில் விழுந்ததுகூடத் தெரியவில்லை. சுவரைக் கட்டியிருக்கிறார்கள். கொத்தனாரைக் கூப்பிட்டு, செங்கல் இறக்கி, சுண்ணாம்பு அடித்து அழகாகக் கட்டியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஒரு நடை போகவில்லை. நாளைக்கு நான் விழுந்தால் என்னை எந்த ஊருக்கு அனுப்பிவைப்பார்கள் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு மயிலாப்பூரில் வேலையம்மாவின் வீட்டுக்கு ஓடினேன். அவர் பூஜைத் தாம்பாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் கை நின்றது. தாம்பாளம் நழுவிக் கல் தரையில் விழுந்து விளிம்பு நசுங்கிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

“கேக்க மனுஷா கெடையாதுன்னு... நானாடி சொன்னேன்?”

“ஆமாம்மா. என்னையும் அப்படித்தான் சொல்லிச் சேத்தீங்க.”

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. மறுநாள் அவரே ஆஸ்பத்திரிக்குப் போனார். கோலை ஊன்றிக்கொண்டு வெளியே போன ஒரு பெண்ணை அங்கிருந்த ஆயாவுக்கு ஞாபகம் இருந்தது. அழைத்துப்போக யாரும் வரவில்லையாம். எந்தப் பக்கம் போனாள் என்று யாரும் கவனிக்கவில்லை. கோயில் வாசல்களிலும் அடையாற்றுக் கரைக் குடிசைகளிலும் ஆள் விட்டுத் தேடினார். கிடைக்கவே இல்லை.

எனக்கும் வேறு போக்கிடம் கிடையாது; இல்லத்தில் திரும்பச் சேர்க்க மாட்டார்கள். வக்கீல் வீட்டிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் வேலையம்மா வந்தார். கொல்லைப்புறமாக அல்ல, முன்வாசல் வழியாக. கையில் நசுங்கிய தாம்பாளம். அதில் வெற்றிலை, பழம், மல்லிகைப்பூ என்று எல்லாமே இரண்டு பங்கு. பிறந்த வீட்டிலிருந்து பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் கொண்டுவருவதுபோல! அக்கம்பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

“எங்காத்துப் பொண்ணைப் பாக்க வந்தேன்” என்றார், தெருவுக்கே கேட்கும்படி. என்னைக் கூப்பிட்டு என் தலையில் பூ வைத்தார். பிறகு மற்றப் பங்கைத் தாம்பாளத்தோடு வக்கீல் மனைவி முன்னால் நீட்டினார்.

“இது முன்னே இருந்தாளே, அவளோட பங்கு. பம்பாய்க்கு நானே அனுப்பிக்கறேன். விலாசம் சொல்லுங்கோ.”

அந்த அம்மாள் தாம்பாளத்தைத் தொடாமல் ஓரடி பின்வாங்கி நிலையைப் பிடித்துக்கொண்டார்.

ஒவ்வொரு மாதமும் இது நடந்தது. ஒவ்வொரு மாதமும் இரண்டு பங்கு, அதே கேள்வி. எனக்கு ஒருமுறை காய்ச்சல் வந்தபோது வக்கீலே ஓடிப்போய் டாக்டரை அழைத்துவந்தார். பயம்தான், வேறென்ன! வேலையம்மா மற்ற வீடுகளுக்கும் தாம்பாளத்தோடு போக ஆரம்பித்தார். புதிதாக வேலை கேட்கும் இடங்களில், “இவளைக் கேக்க நான் வருவேன், சம்மதம்னா வெச்சுக்கோங்கோ” என்றார். பல வீடுகள் வேண்டாமென்று சொல்லிவிட்டன. கேட்க ஆளிருந்தால் வேண்டாத வேலைக்காரி! எத்தனை வீடுகள் அப்படி இருந்தன என்பதுதான் என்னை இன்றுவரை உலுக்குகிறது.

வேலையம்மா போய்ச் சேர்ந்த பிறகு தாம்பாளம் என்னிடம் வந்தது. இன்று எனக்குச் சொந்த வீடு இருக்கிறது. ஒரு நாள் தலைவலி என்று படுத்தால் கேட்பதற்கு மகனும் மருமகளும் பேரன்களும் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைதோறும் அந்தத் தாம்பாளத்தில் பூவும் பழமும் இரண்டு பங்காக வைக்கிறேன். ஒன்றை எடுத்துக்கொள்வேன். மற்றது வாடும்வரை அங்கேயே இருக்கும். விலாசம் இன்னும் தெரியவில்லை.