ஏலத்துக்குப் போன தொட்டில்

எனக்குச் சும்மா உட்கார வராது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய காலத்திலேயே நாற்காலி எனக்கு டஸ்டர் வைக்கத்தான் பயன்பட்டது. ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக்குள் நடந்தேன். ஆனால் போன வருஷம் என்னைப் பிடித்த பரபரப்பு அந்த வகை அல்ல. அதற்குக் காரணம் என் அக்கா.

அக்கா குரோம்பேட்டையில் தனியாக இருந்தாள். அவளை அடக்கம் செய்த கையோடு, வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் ஒரு வண்டியைப் பிடித்து வீட்டுச் சாமானையெல்லாம் வழித்து அனுப்பிவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, லீவு கிடையாது. சில நாள் கழித்து பஸ்ஸில் போகும்போது ஏரி ஓரத்துக் குப்பை மேட்டில் ஒரு பச்சைச் சேலை கிடந்தது. பக்கத்தில் எதுவோ எரிந்துகொண்டிருந்தது. அது அவள் சேலைதானா என்று இறங்கிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கணவரிடம் சொன்னேன்.

"நாம கண்ண மூடுறதுக்கு முன்னாடி நம்ம வீட்ட நாமளே காலி பண்ணணும். ஒரு பொருள்கூட குப்பைக்கும் போகக்கூடாது, நெருப்புக்கும் போகக்கூடாது. சொல்லிட்டேன்."

அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்ப முதல்ல இந்தக் காபிய காலி பண்ணிடறேன்" என்றார்.

சேலையூர்ப் பக்கம் எங்கள் வீடு சின்னதுதான். உள்ளே இருந்தது சின்னதல்ல. கல்யாணங்களில் வாங்கிய தாம்பூலப் பைகளே ஒரு மூட்டை. செத்துப்போன செல்போன்கள், எதற்கென்று தெரியாத சார்ஜர்கள், மூடி இல்லாத டப்பாக்கள், டப்பா இல்லாத மூடிகள். நைந்த பருத்திச் சேலைகளைக் கிழித்துத் துடைக்கும் துணியாக்கினேன். கட்டக்கூடியதைத் துவைத்து, ஹூக் தைத்து, இஸ்திரி போட்டுத்தான் கொடுத்தேன். கிழிசலைக் கொடுத்துவிட்டு தர்மம் செய்ததாக நினைத்துக்கொள்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கண்ணாடிப் பாட்டில்களைக் கொதிநீரில் போட்டு எடுத்து, ஊறுகாய் போட்டு விற்கும் எதிர்வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தேன். கெட்டுப்போன எலக்ட்ரானிக் சாமான்களை அதற்கென்று சேகரிக்கிற இடத்துக்கு நானே சுமந்துகொண்டு போனேன்.

காயலான் கடைக்காரரோடுதான் சண்டை. கிறிஸ்மஸ் குடிலுக்காக வருஷா வருஷம் வாங்கிய தெர்மாகோல் மலைகளை அவர் தொடமாட்டேன் என்றார்.

"இன்னா மேடம், இத்த எட்த்துகினு போயி நான் இன்னா பண்றது? ஒரே பேஜாரு."

"நீங்க எடுக்கலைன்னா யார் எடுப்பா?"

"வாங்கசொல்ல யோசிச்சிருக்கணும் மேடம்."

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் அதிகமாக வந்தது. கடைசியில் அந்த மலைகளைப் பக்கத்துச் சபையின் ஞாயிறு பள்ளிக்கூடத்துக்குத் தள்ளிவிட்டேன். இனி பெத்லகேம் அவர்கள் பாடு.

இப்படி ஒவ்வொன்றாக நகர்ந்தது. ஒன்று மட்டும் நகரவில்லை. சாப்பாட்டு மேஜைக்கு நேர் மேலே பரணில் இருந்த தேக்குத் தொட்டில்.

எங்களுக்கு ஒரே மகள். மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் அலுவலக வேலை, கூடுவாஞ்சேரியில் குடித்தனம். கல்யாணமாகிப் பல வருஷம் ஆகிறது, குழந்தை இல்லை. முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார்கள். அப்புறம் போவதை நிறுத்திவிட்டார்கள் என்று நானாகப் புரிந்துகொண்டேன். நான் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் அந்தப் பரணுக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவாள்.

தொட்டிலை வைத்திருந்தால் அவளை எப்போது எப்போது என்று கேட்டுக்கொண்டே இருப்பது மாதிரி. கொடுத்துவிட்டால் இனி உனக்கு இல்லை என்று பெற்ற தாயே சொல்வது மாதிரி. வீட்டில் மற்ற இடமெல்லாம் காலியாகக் காலியாக அது பெரிதாகத் தெரிந்தது. காலையில் கண் விழித்தால் முதல் நினைப்பே அதுதான்.

"விடு, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார் கணவர்.

விடத் தெரிந்தால் நான் ஏன் இப்படி இருக்கப் போகிறேன்?

அப்போதுதான் விளைச்சலுக்கு நன்றி சொல்கிற அறுப்பின் பண்டிகை எங்கள் சபையில் வந்தது. ஆராதனை முடிந்ததும் வளாகத்தில் ஏலம் நடக்கும். வாழைத்தார், பூசணிக்காய், கோழி, வீட்டில் செய்த முறுக்கு, வீட்டில் இருக்கும் நல்ல சாமான் என்று ஆளாளுக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். ஏலத்தில் எடுத்தவர் அதையே திரும்ப ஏலத்துக்குக் கொடுப்பதும் உண்டு. ஒரே பூசணிக்காய் சபையைச் சுற்றி வரும். அந்த வருஷம் மகள் தனக்கு ஆபீஸில் வேலை இருக்கிறது, வர முடியாது என்று சொல்லியிருந்தாள். அவள் கண்ணில் படாமல் தொட்டில் போய்விடும், பணம் சபைக்குச் சேரும், மரம் ஒரு குழந்தைக்குப் பயன்படும். இதைவிட நல்ல வழி எது என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். முந்தின நாளே ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். கணவர் ஒரு பக்கம் பிடித்தார்.

ஞாயிறு காலை ஆராதனையில் பாதிப் பாட்டில் மகள் வந்து என் பக்கத்தில் நின்றாள். "இன்னைக்கு வேலை இல்லன்னுட்டாங்கம்மா." நழுவிப் போய்த் தொட்டிலை ஒளித்து வைக்கலாமா என்றுகூட யோசித்தேன்.

ஏலத்தில் தொட்டிலின் முறை வந்தபோது, மைக் பிடித்திருந்தவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இது நம்ம டீச்சர் வீட்டுத் தொட்டில். அவங்க விசுவாசத்தோட பொருத்தனையா வச்சிருக்காங்க."

பொருத்தனை! எங்கள் சபையில் ஒன்றை வேண்டிக்கொள்கிறவர்கள் அதற்கு அடையாளமாக ஒரு பொருளைப் படைப்பது வழக்கம். வீடு வேண்டுமென்றால் செங்கல் வைப்பார்கள். பிள்ளை இல்லாத வீட்டிலிருந்து தொட்டில் வந்தால் சபை என்ன நினைக்கும்? இத்தனை வருஷம் அதே பெஞ்சில் உட்கார்ந்தவளுக்கு அது தோன்றவே இல்லை. எனக்கு அது வீட்டை அடைக்கிற சாமான். அவர்களுக்கு அது ஜெபம்.

யாரும் போட்டிக்கு ஏலம் கேட்கவில்லை. பாடகர் குழுவில் பாடும் ஒரு பெண்மணி எடுத்தார். எடுத்த கையோடு நேரே என் மகளிடம் வந்து அவள் தலையில் கை வைத்தார். "இது உனக்குத்தாம்மா. அடுத்த அறுப்புக்குக் கையில பிள்ளையோட வந்து நிக்கணும்." சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் ஆமென் என்றார்கள். சிலர் அழுதார்கள். ஒருவர் மனதிலும் கெட்ட எண்ணமில்லை, அதுதான் கொடுமை. என் மகள் கையில் முறுக்குப் பொட்டலத்தோடு நின்றாள். "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றாள்.

அதே ஆட்டோவில் தொட்டில் வீட்டுக்குத் திரும்பி வந்தது. பரணில் ஏற்ற யாருக்கும் மனம் வரவில்லை. ஹால் நடுவில் வைத்துவிட்டு அதைச் சுற்றி உட்கார்ந்தோம்.

"பாப்பா, உன்னைக் கஷ்டப்படுத்தணும்னு பண்ணல" என்று ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

"தெரியும்மா." தொட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "நாங்க ரெண்டு பேரும் எப்பவோ முடிவு பண்ணிட்டோம். போதும்னு. இனிமே ஆஸ்பத்திரி வேணாம்னு. நல்லாத்தான் இருக்கோம். உங்ககிட்ட சொல்லணும்னுதான் ஒவ்வொரு தடவையும் வருவேன். வந்து பார்த்தா அது மேல புதுசா துவைச்ச துணி போத்தியிருப்பீங்க. எப்படிச் சொல்றது?"

ஒவ்வொரு மாதமும் போர்வையை மாற்றியது நான்தான். தூசி படியக்கூடாது என்று.

"என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?" என்றாள். அதில் கோபம் இருந்தது. இருக்கட்டும், அது எனக்கு வேண்டியதுதான்.

பிறகு போனை எடுத்துத் தொட்டிலைப் படம் பிடித்தாள். பழைய பொருள்களை இலவசமாகக் கொடுத்து வாங்கிக்கொள்ளும் வாட்ஸ்அப் குழு ஒன்று எங்கள் பக்கத்தில் உண்டு. அதில் அவளே எழுதினாள்: தேக்குத் தொட்டில், நல்ல நிலையில் இருக்கிறது, எங்களுக்குத் தேவையில்லை. அனுப்புவதற்கு முன் என் பக்கம் நீட்டினாள். நான் படித்துவிட்டுத் தலையாட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை குன்றத்தூரிலிருந்து ஒரு தம்பதி குட்டி யானை வண்டியில் வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு நிறைமாதம். தொட்டிலை ஆட்டிப் பார்த்தாள், கம்பிகளைத் தடவிப் பார்த்தாள். அவளை எதிர்கொள்ள முடியாமல் நான் சமையலறையில் டம்ளர்களை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். மகள்தான் முன்னால் நின்று மரை எப்படிக் கழற்றுவது, எங்கே எண்ணெய் விடுவது என்று காட்டிக்கொண்டிருந்தாள்.

"இவ்ளோ நல்லா வச்சிருக்கீங்களேக்கா. யாருக்கு வாங்குனது?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

என் கையிலிருந்த டம்ளர் நின்றது. பேரப்பிள்ளைக்கு என்று என் மனம் சொல்லிக்கொண்டது. இத்தனை வருஷமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

"எனக்குத்தான்" என்றாள் என் மகள். "நான் படுத்த தொட்டில் இது."