நல்லம்மாள் மாட்டிக்கொள்ளாத பொத்தான்

புந்தோங்கில் எங்கள் பக்கத்து வீட்டு நல்லம்மாளுக்கு அறுபத்தெட்டு வயது. கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். இளம் வயதிலேயே கணவர் போய்விட, ஒரே மகன் ஜெயபாலனைத் தனியாக வளர்த்துப் படிக்க வைத்தார். மகன் கோலாலம்பூரில் அதிகாரி ஆனார். அதிகாரி தீபாவளிக்குத் தீபாவளி வந்து போனார்.

1986இல், ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் வீடு திரும்பியபோது, தெருவே ஒரு பொத்தானைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. ஜெயபாலன் லண்டனிலிருந்து வரவழைத்தது. ஐம்பது காசு அளவுதான். கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். விழுந்தால் அழுத்த வேண்டும். உடனே எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் பெட்டி அலறும், என் அம்மா செல்லாயி ஓட வேண்டும். மகன் தூரத்திலும் பெட்டி பக்கத்திலுமாக வாழும் கிழவிகளை நான் லண்டனிலேயே நிறையப் பார்த்துவிட்டேன். அதற்கு அங்கே பெயர் முன்னேற்றம்.

அதை அப்படியே கொடுத்திருந்தால்கூடப் பரவாயில்லை. புதுக் காரின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கிற நம்மவர்கள் பொத்தானை மட்டும் விடுவார்களா? ஜெயபாலன் மாரியம்மன் கோயிலில் அதற்கு அர்ச்சனை செய்தார். பூசாரி பிளாஸ்டிக் சங்கிலியைக் கழற்றிவிட்டு மஞ்சள் கயிற்றில் கோத்துக் கொடுத்தார். இரண்டு ஆண்களுக்கும் எதுவும் உறைக்கவில்லை. கணவனை இழந்தவரிடம் வில்லை தொங்கும் மஞ்சள் கயிற்றைக் கொடுத்து, "கழுத்துல போட்டுக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டு, அதிகாரி மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கிளம்பிவிட்டார்.

நல்லம்மாள் அதைச் சாமிப் படத்தடியில் வைத்துத் தினமும் பூ வைத்தார்.

"மாட்டிக்க வேண்டியதுதானே அக்கா?" என்றார் அம்மா.

"எதைடி மாட்டிக்கச் சொல்ற? இந்த வயசுல புதுத் தாலியா? பாசாருக்குப் போனா மீன் விக்கிறவன்கூடச் சிரிப்பான் லா."

ஒரு நாள் காலை எட்டு மணிக்குக் குளியலறைப் பாசியில் வழுக்கி விழுந்தார். பொத்தான் சாமிப் படத்தடியில் செம்பருத்திப் பூவுக்குக் கீழே பத்திரமாக இருந்தது. பின்பக்கக் கால்வாயில் தண்ணீர் நிற்காமல் ஓடுவதைப் பார்த்து அம்மா சந்தேகப்பட்டு, ஆள் கூட்டிக் கதவை உடைத்தபோது மணி பதினொன்று. கால் எலும்பில் விரிசல் விட்டிருந்தது.

சாயங்காலம் ஜெயபாலன் பொத்தானும் கையுமாக மருத்துவமனைக்கு வந்தார்.

"அர்ச்சனையெல்லாம் பண்ணிக் கொடுத்தேனே, ஏம்மா போடல? இனிமே தனியா இருக்க வேணாம். வீட்ட வித்துட்டு கே.எல்.ல என் வீட்டுக்கு வந்துருங்க. பதினோராவது மாடி, நல்ல காத்து வரும்."

வீட்டை விற்பது என்றதும் நல்லம்மாள் தலையணையிலிருந்து நிமிர்ந்தார்.

"உங்கப்பன் செத்தன்னிக்கு இந்தக் கழுத்துலேருந்து கயித்த எடுத்தாங்க. நீ பக்கத்துல நின்னு பாத்த. இப்ப நீயே ஒண்ணு கொண்டாந்து கட்டுறியா?"

ஜெயபாலன் கையிலிருந்த கயிற்றை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

நல்லம்மாள் அம்மாவிடம் கயிற்றை அறுக்கச் சொன்னார். காயக்கட்டுத் துணியில் ஒரு துண்டை எடுத்துப் பொத்தானை மணிக்கட்டில் கட்டிக்கொண்டார். இரண்டு நிமிட வேலை.

"இது போதும். நான் என் வீட்டுக்குத்தான் போவேன். உனக்கு அவ்ளோ அக்கறை இருந்தா அந்தப் பாசியத் தேய்ச்சு விட்டுட்டுப் போ. நாலு மாசமா சொல்றேன் லா."

ஞாயிற்றுக்கிழமை அதிகாரி கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுத் தேய்த்தார். முக்கால் மணி நேரம் ஆனது. வெளியே வந்ததும், தனக்கு இடுப்பு வலிக்கிறது என்றார்.